முடியாதக்காவும் விக்கல் பெட்டியும்

"எனக்காக இன்னொருத்தர் முன்கூட்டியே முடிவு பண்ணி வச்ச எதுக்கும் நான் இதுவரைக்கும் சரின்னு தலையாட்டினது கிடையாது. இனிமேலும் ஆட்ட மாட்டேன். எழுதி வச்சுக்கோங்க!"

இந்த முழக்கம் போர்க்களத்தில் எழுந்ததல்ல. ஒரு மாடிக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, வேலை செய்யாத மைக்கின் முன்னால் எழுந்தது. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சிப் படங்கள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் அது. மைக் வேலை செய்யாவிட்டாலும் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. பேசியவர் முடியாதக்கா. கைதட்டியவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு, "முடியாது" என்று பதில் வாங்கியவர்கள். மீதிப் பேர் இனிமேல் வாங்கப் போகிறவர்கள்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதையும் அவரைக் கேட்காமல் வைத்துவிட்டதால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில் அவர் பெரிய அவசரம் காட்டியதில்லை. முடியாதக்கா என்பது ஆபீசில் விழுந்த பெயர். அது அவரே உழைத்துச் சம்பாதித்தது என்பதால் அதற்கு மட்டும் உடனே திரும்புவார்.

பெருமக்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து சொல்வதுதான் மரியாதை. பள்ளியில் உயரம் பார்த்து உட்கார வைத்தார்கள். குள்ளமான அவருக்கு முதல் பெஞ்சு. அவர் எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த முதுகுகளைத் தவிர அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. ஒரு வருடம் முழுக்கக் கரும்பலகையையே பார்க்காமல், காதால் மட்டும் படித்துப் பாஸ் செய்தார். படிப்பு முடிந்ததும் அப்பா தன் நண்பரின் அலுவலகத்தில் மகளுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். மகள் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்தார்.

பிற்பாடு வீட்டுக்காரரான மனிதர், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டபோது, முடியாதக்கா வாய்ப்பழக்கத்தில் "முடியாது" என்றுவிட்டார். மறுநாள் அதே பஸ் ஸ்டாப்புக்கு வந்து, அதே கேள்வியைத் தானே கேட்டார்.

"இதைத்தானே நேத்து நான் கேட்டேன்?"

"நேத்து நீங்க முடிவு பண்ணிட்டு வந்து கேட்டீங்க. இன்னிக்கு நான் முடிவு பண்ணிட்டு வந்து கேக்கிறேன். சரியா?"

அவர் சரி என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சரி சொல்லும் இலாகா அவரிடமே இருந்துவருகிறது.

புதுக் கைப்பேசி வாங்கினால் முடியாதக்கா ஒரு நாள் லீவு போடுவார். மணியோசை, எழுத்தளவு, திரையின் வெளிச்சம், அலாரத்தின் ராகம் என்று கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய எதையும் அன்று மாலைக்குள் விட்டுவைக்க மாட்டார். ஆபீஸ் நாற்காலியில் திருகக்கூடிய குமிழ் அத்தனையையும் திருகிவிட்டதில், அதில் அவரைத் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் சலூனில் சவரத்துக்குச் சாய்ந்த மாதிரி போய்விடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவர் கையில் நிறுவனம் கொடுத்திருந்தது டிஸ்க் அறையை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் உடைந்த நாற்காலிகள் வாழ்ந்துவந்த அறை அது. இப்போது அங்கே ஏசி ஓடுகிறது. இரும்பு அலமாரியில் டிஸ்க் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பச்சை விளக்குகள். எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்தான். ஹெல்மெட் இல்லாமல் கிரேனுக்குக் கீழே நடப்பவர், ஈரத்தரையில் வழுக்குபவர், ஏணியின் கடைசிப் படியில் நின்று எட்டிப் பிடிப்பவர் என எல்லா விபத்திலும் விழுகிறவர் ஒருவரே. சொந்தமாகப் பஞ்சு மெத்தை வைத்திருக்கும் ஒரு நடிகர். அந்தத் தொழிலில் அவரளவு அழகாக விழுபவர் இல்லை என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு முறை அவர் விழவில்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஏணியிலிருந்து கை நழுவி, கால் நழுவி, வாய் "ஐயோ" என்று திறந்துகொண்டு பாதி வழியில் அப்படியே அந்தரத்தில் நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றபின், மீதி தூரத்தை விழுந்து முடித்தார். எடிட்டர் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். இந்த முறை ஏணியிலிருந்து ஒழுங்காக விழுந்தவர், தரையைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னால் நின்றார். எல்லாத் திரைகளிலும் இதே கதை. கொஞ்ச தூரம் ஓடும், ஒரு விக்கல் விக்கும், மறுபடி ஓடும்.

அந்த வாரத்தில்தான் ஆபீசில் இரண்டு புதுவரவு. ஒன்று, முடியாதக்கா தயார் செய்து மாட்டிய பெரிய டிஸ்க் பெட்டி. இன்னொன்று, அவருடைய கொழுந்தன் எழுதிய புரோகிராம்.

கொழுந்தன் என்றால் வீட்டுக்காரரின் தம்பி. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அவன் முன்னொரு நாள், "அண்ணி, உங்க ஆபீஸ்ல புரோகிராம் எழுத ஆள் எடுக்கிறாங்களாமே, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?" என்று கேட்டதற்கு வந்த பதிலைச் சொல்லத் தேவையில்லை. அவன் தானாகவே போய், தானாகவே தேர்வாகி, தற்காலிக வேலையில் சேர்ந்தான். எடிட்டர்கள் வேண்டிய காட்சியின் பெயரை அடித்தால், பெட்டிக்குள் போய்த் தேடி எடுத்துவந்து திரையில் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினான். எடிட்டர்கள் அதற்கு எடுபிடி என்று பெயர் வைத்தார்கள்.

விக்கல் வந்ததும் ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. விக்குவது பெட்டியா, எடுபிடியா? சாப்பாட்டு மேசையும் பிரிந்தது.

"என்ன அண்ணி, உங்க பெட்டிக்குத் தண்ணி குடுத்துப் பார்த்தீங்களா? விக்கல் நின்னாலும் நிக்கும்."

"என் பெட்டிக்கு ஒண்ணுமில்ல. உன் எடுபிடிக்குத்தான் வழி தெரியல. பாதியில நின்னு யார்கிட்டயோ அட்ரஸ் கேட்டுட்டு வருது."

"ஒரே தாளத்துல விக்குது அண்ணி. நல்லா கவனிங்க. வழி தெரியாதவன் அங்கங்க நிப்பான். இது கடிகாரம் மாதிரி நிக்குது."

"அப்ப உன் புரோகிராம்ல ஒரு கடிகாரம் இருக்கு. தேடி எடுத்து வெளியில போடு."

"அண்ணா, நீயாவது சொல்லேன்!"

வீட்டுக்காரர் ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று முடித்து, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார். அவருடைய இலாகா அது.

மேனேஜர் இப்படி ஊசலாடுகிறவர் அல்லர். அவர் சிக்கனத்துக்குப் பெயர்போனவர். சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படி இறங்குவார். "ஆளில்லாத இடத்துல மிஷினுக்கு என்ன வேலை?" என்பது அவருடைய தத்துவம். மின்சாரத்தைப் போலவே யோசனையையும் அவர் வீணாக்குவதில்லை. முடியாதக்காவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா."

"எதுல சார்?"

"விக்கல்ல. புரோகிராம்தான் தப்புன்னு முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை மீட்டிங்ல சொல்லிடறேன். உங்க கொழுந்தனைக் கணக்கு முடிச்சு அனுப்பிட வேண்டியதுதான். காரணத்தையும் எழுதித்தான் அனுப்பணும். ஒரு வாரம் மொத்த ஆபீசும் நின்னிருக்கே."

அப்படி ஒரு காரணத்தோடு வெளியே போகிறவனை அடுத்த கம்பெனியில் வாட்ச்மேனோடு நிறுத்திவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம் என்பது முடியாதக்காவுக்கு மட்டும் தெரியும்.

"யார் அளந்து பார்த்தது சார்?"

"அளக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? பெட்டி புதுசு. நல்ல கம்பெனி. போதாததுக்கு அதை ரெடி பண்ணினது நீங்க. மிச்சம் என்ன இருக்கு? புரோகிராம்தானே?"

வேறொருவராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பார். கொழுந்தனோடு நடந்த போரில் வெற்றி, தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. ஆனால் அந்தத் தட்டில் வைத்தது யாரோ. முடியாதக்காவின் மூக்கு சிவந்தது.

"முடியாது."

"எது முடியாது?"

"நான் ஜெயிச்சேன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? நான் அளந்து, அவன் தப்புன்னு நானே நிரூபிச்சு, நானே ஜெயிச்சுக்கறேன். அதுவரைக்கும் நான் ஜெயிக்கல."

மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும்" என்றார்.

ஆக, முடியாதக்கா அளக்கக் கிளம்பியது கொழுந்தனைக் காப்பாற்ற அல்ல. அவனை முறைப்படி தோற்கடிக்கத்தான். வரலாறு இதைத் திரிக்கக்கூடாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடிட்டர்களை எழுப்பிவிட்டார். "எல்லாரும் மூடிட்டுப் போங்க. ஒருத்தர் திரையும் திறந்திருக்கக் கூடாது." பிறகு எடுபிடியையும் நிறுத்தினார். இனி பெட்டியைத் தொடுகிறவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. பெட்டி அமைதியாகிவிடும், எடுபிடியைத் திறந்ததும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டத்தைக் கொழுந்தனின் கண்ணெதிரே காட்டிவிட வேண்டியது. இதுதான் திட்டம்.

பெட்டி அமைதியாகவில்லை. நெற்றி விளக்குகள் கொஞ்சம் துடித்தன, கொஞ்சம் மூச்சு வாங்கின, மறுபடி துடித்தன. உள்ளே டிஸ்க்குகள் பல் கடிக்கிற மாதிரி கறகறவென்றன.

"யாரோ மூடாம போயிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு, பெட்டியின் முதுகிலிருந்த நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். இப்போது பெட்டிக்கும் வெளியுலகத்துக்கும் மின்சாரத்தைத் தவிர உறவு இல்லை.

துடிப்பு, மூச்சு, துடிப்பு. ஏணியிலிருந்து விழுந்தவர் அந்தரத்தில் நின்று நின்று விழுந்த அதே தாளம்.

முடியாதக்கா கேபிளைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடமாடும் சத்தம் கேட்டால் மனிதர் எப்படி நிற்பாரோ, அப்படி. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டியோடு ஒரு திரையை நேராக இணைத்து உட்கார்ந்தார்.

வைரஸா? தேடினார், இல்லை. டிஸ்க்குகளில் ஒன்று சாகக் கிடக்கிறதா? ஒவ்வொன்றாகச் சோதித்தார், எல்லாம் கல்லுப்போல இருந்தன. தானாக நகல் எடுக்கும் வேலை எதுவும் ஓடுகிறதா? அதை அவர் முதல் நாளே அணைத்திருந்தார். பெட்டி படிக்கிறதா, எழுதுகிறதா என்று பார்த்தார். எழுதியது. யாரும் எதையும் அனுப்பாத பெட்டி, தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தது.

எழுதுகிற ஆசாமி யாரென்று பட்டியலிட்டுப் பார்த்தபோது, ஒரே ஒரு பெயர் மேலே நின்றது. எடுபிடியுடையது அல்ல, எந்த மனிதரும் நிறுவிய புரோகிராமுடையதும் அல்ல. ஃபார்மட் செய்த நாளோடு பிறந்து, பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு வேலையாள். இவன் யார், எதற்கு இங்கே என்று அறிய, முடியாதக்கா பெட்டியோடு வந்த கையேட்டை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தார். உறை அதுவரை கிழிக்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்வது நம் கடமை.

விஷயம் இதுதான். டிஸ்க்கை ஃபார்மட் செய்வதென்றால் வெறும் நிலத்தில் வீடு கட்டுவது மாதிரி. உள்ளே வரப்போகும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயரெழுத ஒரு சின்ன மாடம் வேண்டும். எத்தனை ஃபைல் வரும் என்று தெரியாத கம்பெனிக்காரன், எதற்கும் இருக்கட்டும் என்று, பொடிப் பொடி ஃபைல்கள் கோடிக்கணக்கில் வரும் என்று வைத்துக்கொண்டு, அத்தனைக்கும் மாடம் கட்டிவிடுகிறான். இந்த ஆபீசில் இருப்பதோ யானை யானையாகச் சில ஆயிரம் வீடியோக்கள். அது போகட்டும். கட்டிய மாடங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டுமே? அதைக் கட்டும்போதே செய்தால் நேரமாகும், வாங்கியவர் முகம் சுளிப்பார். அதனால் உடனே சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "நீங்க குடிபோங்க, நாங்க பின்னாடியே வந்து கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுக் குடுத்துடறோம்" என்று ஒரு ஆளை உள்ளேயே விட்டுவிடுகிறான். அவன் கொஞ்சம் அடிப்பான், கொஞ்சம் ஓய்வெடுப்பான், மறுபடி அடிப்பான். அவன் ஏணியை நடுக்கூடத்தில் போடுகிற நேரமெல்லாம் எடிட்டர்களின் படம் வழியில்லாமல் நிற்கும்.

மற்ற இடங்களில் இது யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். ராத்திரியெல்லாம் பெட்டி சும்மா ஓடும், வெள்ளையடிப்பவன் அடித்து முடித்துவிட்டுப் போய்விடுவான். இங்கே மேனேஜர் தினமும் மெயினை அணைத்துவிடுகிறார். ஆகவே வெள்ளையடிப்பவனும் இவர்களோடு காலையில் வந்து, இவர்களோடு வேலை பார்த்து, இவர்களோடு வீட்டுக்குப் போகிறான். ஆபீஸ் நேரம் தவிர அவனுக்கு வேறு நேரமே இல்லை.

கையேட்டில் கீழே கம்பெனிக்காரன் மூன்று வரி சேர்த்திருந்தான். எத்தனை மாடம் வேண்டும், வெள்ளையடிப்பது இப்போதா பிறகா என்பதையெல்லாம் ஃபார்மட் செய்யும்போதே கேட்போம். கேள்விக்குப் பக்கத்தில் எங்கள் பதிலை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்போம். மாற்ற விரும்பாதவர்கள் எண்டரைத் தட்டலாம்.

முடியாதக்கா அந்த வரிகளைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது அவருக்கு ஒரு காதல் பாட்டு ஞாபகம் வந்தது.

பெட்டியைத் தயார் செய்த அன்று, கைப்பேசிக் கம்பெனிக்காரன் அவரைக் கேட்காமல் அவருடைய எண்ணில் ஒரு பாட்டை ஏற்றிவிட்டிருந்தான். அவரை அழைக்கிறவர்கள் காதில் எல்லாம் ஒரு குரல், வா அன்பே என்று உருகியது. மேனேஜரே அழைத்து, உருகலைக் கேட்டுக் கலங்கிப் போயிருந்தார். முடியாதக்கா அந்தக் கம்பெனியை அழைத்து, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அறை அதிரச் சண்டை போட்டார். "நான் கேக்காத பாட்டை என் போன்ல வைக்க நீங்க யாரு? பிடிக்கலன்னா எடுத்துடலாம்னு சொல்றீங்களே, வைக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தோணலையா? வச்சுட்டுக் கேக்கிறதுக்குப் பேர் கேக்கிறதா?" வீரமான சண்டை. கூடத்தில் எடிட்டர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிவில் பாட்டு எடுக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது.

அந்தச் சண்டை நடந்த நேரம் முழுக்க எதிரே திரை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை, தன்பாட்டுக்கு, எண்டர் தட்டிக்கொண்டிருந்தது. டீ ஆறுவதற்குள் ஃபார்மட் முடிந்துவிட்டதே என்று அன்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அளந்தாச்சா? தம்பி தப்பா, பெட்டி தப்பா?"

"இன்னும் அளந்துட்டு இருக்கேன்."

"மூஞ்சியைப் பார்த்தா அளந்து முடிச்ச மாதிரி இருக்கே."

"நீங்க வெங்காயத்தைப் பாருங்க."

"அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண்ணுல தண்ணி வருது. உனக்கு எதைப் பார்த்து?"

"முடியாது" என்றார் முடியாதக்கா. எது முடியாது என்று அவருக்கே தெரியவில்லை.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. அகலமான வழி. விடுமுறை நாளில் மெயினை அணைக்காமல் விட்டுவைத்தால் போதும், வெள்ளையடிப்பவன் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவான். திங்கட்கிழமை விக்கல் இருக்காது. சனிக்கிழமை கொழுந்தனும் எடுபிடியும் போயிருப்பார்கள். பார்த்தீர்களா, அவன் போனான், விக்கலும் போனது என்று ஆபீஸ் முழுக்கப் பேசும். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

அதாவது, மேனேஜர் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுக்கு, சத்தமில்லாமல் இன்னொரு எண்டர்.

அடுத்த அறையிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. பெண்டாட்டியிடம், "ஒண்ணும் ஆகாது, அண்ணி அளந்துட்டிருக்காங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி எதற்காக அளக்கக் கிளம்பினார் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முடியாதக்கா எழுந்து, பெட்டியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தார். ஏணிக்காரரை ஓடவிட்டார். அந்தரத்தில் நின்றார் ஏணிக்காரர். முடியாதக்கா பெட்டிக்கு ஒரு கட்டளை கொடுத்து, அந்த உள்வேலையாளை உட்கார வைத்தார். இப்போது ஏணிக்காரர் கைநழுவிக் கால்நழுவி வாய்திறந்து, ஒரே மூச்சில் தரைக்கு வந்து சேர்ந்தார். எடிட்டர்கள் தங்களை மறந்து கைதட்டினார்கள். வேலையாளை எழுப்பினார், படம் விக்கியது. உட்கார வைத்தார், விக்கல் நின்றது.

"எடுபிடி அப்படியேதான் ஓடிட்டு இருக்கு. அதுல நான் ஒரு எழுத்துகூட மாத்தல" என்றார் முடியாதக்கா. "விக்கல் அதுல இல்ல. ஃபார்மட் பண்ணும்போது இந்த ஆளை உள்ள விட்டதுல இருக்கு."

கொழுந்தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேனேஜர் யோசித்தார். அவர் யோசித்தால் ஆபத்து என்பதை ஆபீஸ் அன்றைக்குத்தான் அறிந்தது.

"அந்த ஆளை யார் உள்ள விட்டது?"

"ஃபார்மட் பண்ணும்போது கேள்வி கேக்கும் சார். கம்பெனிக்காரன் பதில் எழுதி வச்சிருப்பான். அதுக்கு அப்படியே சரின்னு எண்டர் தட்டிட்டா, இவன் உள்ள வந்துடுவான்."

மேனேஜர் மேசையைத் தட்டினார். "அப்ப சரியாப் போச்சு! ஃபார்மட் பண்ணினது நீங்க. நீங்க யாரு? நாற்காலி குமிழைக்கூட விட்டு வைக்காத ஆளு. அடுத்தவன் எழுதி வச்ச பதிலுக்கு நீங்க சரின்னு சொல்வீங்களா? இதோ, போன வருஷம் இதே இடத்துல நின்னு சொன்னீங்களே, எல்லாரும்தானே கேட்டோம்?"

"கேட்டோம்" என்றார்கள் எடிட்டர்கள், பெருமையாக.

"ஆக, இந்தம்மா ஒழுங்கா மாத்தித்தான் வச்சிருக்காங்க" என்றார் மேனேஜர். "அதுக்கப்புறம் யாரோ உள்ள பூந்து பழையபடி ஆக்கியிருக்கான். பெட்டிக்குள்ள போய் வர்ற உரிமை வேற யாருக்கு இருக்கு?" எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். "விஷமம் பண்ணியிருக்கான்! திறமை இல்லாதவன்னுதான் நெனச்சேன். இது அதைவிட மோசம்."

"சார், நான் அதுக்குள்ள…" என்று எழுந்தான் கொழுந்தன். "ஃபார்மட்டை அப்புறமா மாத்த முடியாது சார். அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"முடியும், முடியாதுன்னு சொல்ல இந்த ஆபீஸ்ல ஒருத்தங்கதான் இருக்காங்க" என்றார் மேனேஜர். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். "சொல்லுங்கம்மா. நீங்க எண்டர் தட்டிட்டு வந்திருப்பீங்களா? உங்களைத் தெரிஞ்ச யாராவது அதை நம்புவாங்களா?"

கூடம் காத்திருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வரும் ஒரே சொல் வரவில்லை.

முடியாதக்கா தன் பையிலிருந்து ஒரு சின்ன வெற்று டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் செருகினார். பெரிய திரையில் முதல் கேள்வி வந்தது. பக்கத்தில் கம்பெனிக்காரனின் பதில் வரிசையாக நின்றது. எல்லோரும் படித்தார்கள். முடியாதக்கா படிக்கவில்லை. தலையைச் சாய்த்து, இல்லாத ஒரு கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி எண்டரைத் தட்டினார். அடுத்த கேள்வி வந்தது. தட்டினார். மாடங்கள் எத்தனை என்று திரை கேட்டது. தட்டினார். வெள்ளையடிப்பது பிறகுதானே என்றது. தட்டினார். திரை கேட்பதை நிறுத்தும்வரை தட்டினார்.

ஃபார்மட் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. யாரும் தொடாத அந்தச் சின்ன டிஸ்க்கின் விளக்கு கொஞ்சம் துடித்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது, மறுபடி துடித்தது.

"இப்படித்தான் சார் பண்ணேன்" என்றார், மைக் தேவைப்படும் அளவுக்கு மெதுவான குரலில். "அவனை விட்டுடுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார்.